ஐஸ்லாந்தில் வெள்ளிக் கிரகம்

வானநூல் விஷயமாக நாம் இப்பகுதியில் எழுதும்போதெல்லாம் ஒரு கடிதம் தவறாமல் வந்து சேருகிறது. எழுதுகிறவர் மாறுவாரேயன்றி விஷயம் மாறுவதில்லை. "வீட்டில் ஆயிரம் குறை இருக்க, வெள்ளிக் கிரகத்தில் எரிமலை கக்கினால் என்ன, கக்காவிட்டால் என்ன?" என்பதே அதன் சாரம். இம்முறை எழுதிய அன்பர் இன்னும் ஒரு படி மேலே போய், "வெள்ளியை ஆராய்வதற்கென்று பணம் வாங்கிய விஞ்ஞானிகள் ஐஸ்லாந்து தேசத்தில் போய்க் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்களாமே, இது என்ன நியாயம்?" என்று கேட்டிருக்கிறார். கேள்வியில் குத்தல் இருந்தாலும் நல்ல கேள்விதான். கல் பொறுக்கியதும் உண்மைதான். ஏன் பொறுக்கினார்கள் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

விடியற்காலையில் கிழக்கேயும், வேறு சில மாதங்களில் அந்தி வேளையில் மேற்கேயும் சுடர்விடும் வெள்ளியை அறியாத குழந்தை நம் வீடுகளில் இராது. பருமனில் அது பூமிக்கு உடன்பிறந்தாள் என்றே சொல்ல வேண்டும். பூமியின் குறுக்களவு 12,756 கிலோமீட்டர், வெள்ளியினுடையது 12,104. ஒற்றுமை அவ்வளவோடு சரி. அங்கே தரையின் உஷ்ணம் ஏறக்குறைய 465 டிகிரி. ஈயத்தை வைத்தால் உருகி ஓடும். காற்றின் அழுத்தம் இங்குள்ளதைப்போல் 90 மடங்குக்கு மேல். மேகங்களோ கந்தகத் திராவகத் துளிகளாலானவை. 1982-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ந் தேதி சோவியத் ருஷியாவின் வெனீரா 13 என்ற கலம் அங்கே இறங்கிற்று. 127 நிமிஷம் தாக்குப்பிடித்துப் படங்களை அனுப்பியது, மண்ணைத் துளைத்தெடுத்துப் பரீட்சித்து, அது பஸால்ட் என்னும் எரிமலைக் கரும்பாறையின் இனத்தைச் சேர்ந்தது என்று தெரிவித்தது, பிறகு மாண்டது. அதைவிட அதிக நேரம் அத்தரையில் பிழைத்திருந்த கலம் வேறொன்றில்லை.

ஆகவே வெள்ளியின் தரையில் நடந்து பார்ப்பது இப்போதைக்கு ஆகாத காரியம். மேலிருந்து பார்க்கலாமென்றால் மேகம் திரைபோட்டு மறைக்கிறது. அந்தத் திரைக்குள் தடையின்றிச் சென்று திரும்புவது ரேடார் அலை ஒன்றுதான். 1990-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் வெள்ளியை அடைந்த மெகல்லன் என்ற அமெரிக்கக் கலம், நான்கு வருஷம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, ரேடாரைக் கொண்டு அதன் தரையில் நூற்றுக்கு 98 பங்கைப் படமாக்கித் தந்தது.

இந்தப் படங்களைப் புகைப்படம் என்று எண்ணி மயங்கிவிடக் கூடாது. இரவில் ஒரு டார்ச்சு விளக்கை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வாருங்கள். மழமழவென்றிருக்கும் சிமிட்டித் தரையின்மேல் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால், வெளிச்சம் எதிர்ப்பக்கமாகத் தெறித்துப் போய்விடும். நம் கண்ணுக்குத் தரை இருண்டே தோன்றும். அதே விளக்கைச் சரளைக்கல் கொட்டிய வாசலில் அடித்தால், ஒவ்வொரு கல்லும் சிறிதளவு ஒளியை நம் பக்கம் திருப்பிவிடுகிறது; தரை பளிச்சிடுகிறது. ரேடார் படத்தில் உள்ள வெண்மையும் கருமையும் இத்தகையவையே. மெகல்லன் பயன்படுத்திய அலையின் நீளம் 12.6 செண்டிமீட்டர், அதாவது அரைச் சாணுக்குச் சற்று அதிகம். அந்த அலைக்கு மணல் வெளி சிமிட்டித் தரை மாதிரி. முஷ்டியளவு கற்கள் கிடந்தால்தான் அது கரடு.

எரிமலைக் குழம்பு உறையும்போது இரண்டு விதமாக உறையும். இவற்றுக்கு ஹவாய்த் தீவு மக்கள் வைத்த பெயர்களையே உலகமெங்கும் வழங்குகிறார்கள். நிதானமாக ஓடி, கயிற்றை முறுக்கிப் போட்டாற்போல மேலே மடிப்பு விழுந்து, வழவழப்பாக உறைந்தது 'பஹோய்ஹோய்'. வேகமாகப் பாய்ந்து, மேலோடு உடைந்து உடைந்து கூரிய துண்டங்களாக உறைந்தது 'ஆஆ'. (அதன்மேல் வெறுங்காலுடன் நடப்பவன் வாயிலிருந்து வரும் ஓசையும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும்.) முதலாவது ரேடாருக்குக் கருமை, இரண்டாவது வெண்மை. கரடு முரடைக் கண்டால் குழம்பு எவ்வளவு வேகமாகக் கக்கப்பட்டது, நிலம் எவ்வளவு சரிவாக இருந்தது என்றெல்லாம் ஊகிக்கலாம். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள மலையின் குணத்தை இப்படி ஒரு கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து கண்டறிய முடியுமானால் அது பெரிய லாபந்தானே?

ஆனால் இங்கேதான் சங்கடம். பாளம் பாளமாகப் பெயர்ந்து இரண்டுக்கும் நடுத்தரமாக நிற்கும் குழம்பும் உண்டு. பழைய 'ஆஆ'வின் குழிகளில் மணல் நிரம்பினால் அதுவும் கறுத்துவிடும். பாறை சரிந்து விழுந்த இடமும் வெளுத்துத் தோன்றும். வெண்மைக்கு நாலு காரணம், கருமைக்கு நாலு காரணம் என்றால் எதை நம்புவது?

உருவ ஒற்றுமையை நம்பி ஏமாந்த கதைகள் இத்துறையில் பல. அமெரிக்காவில் ஐடஹோ மாகாணத்திலுள்ள ஓர் எரிமலை வெளிக்கு 'சந்திரனின் பள்ளங்கள்' என்று பெயரிட்டு 1924-ஆம் வருஷத்தில் தேசியச் சின்னமாக்கினார்கள். சந்திரனிலுள்ள வட்டப் பள்ளங்கள் எரிமலை வாய்களே என்று பலரும் நம்பிய காலம் அது. அவற்றில் பெரும்பாலானவை விண்கற்கள் மோதி உண்டானவை என்பது பிற்பாடுதான் உறுதிப்பட்டது. ஆயினும் சந்திரனில் எரிமலைப் பாறைக்குக் குறைவில்லை. ஆகவே அப்போலோ 14-க்குரிய வீரர்கள் 1969-இல் அங்கேயே போய்ப் பாறைப் பாடம் கற்றார்கள் என்பது வேறு விஷயம். நம் தேசத்தில் இதற்கு நேர் ஜோடியாக மகாராஷ்டிரத்து லோணார் ஏரி இருக்கிறது. சுமார் 1.8 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த வட்டப் பள்ளம் எரிமலைப் பாறையின் நடுவே கிடப்பதால், அதுவும் எரிமலையின் வேலைதான் என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1970-களில் ஏரியடியிலிருந்து துளைத்தெடுத்த கல்லைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, பயங்கரமான மோதலால் கண்ணாடியாக மாறிப்போன தாதுக்கள் தென்பட்டன. விண்கல்லின் வேலை என்பது நிச்சயமாயிற்று. இரண்டு இடத்திலும் கண் சொன்னது ஒன்று, கல் சொன்னது வேறு.

வெள்ளியின் கல்லோ கைக்கு எட்டாது. எட்டும் தூரத்தில் அதே இனத்துக் கல் கிடக்குமிடத்தில் ரேடாரைப் பழக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு லோணாரைச் சூழ்ந்த நம் தக்காணமே போதாதா என்று கேட்கலாம். சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் பொங்கி வழிந்த குழம்பு அங்கே அடுக்கடுக்காக உறைந்து, இன்றும் ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்த சிற்பிகள் உளி வைத்தது அந்தக் குழம்பின்மேல்தான். ஆனால் இத்தனை யுகத்து மழையும் வெயிலும் அதன் மேற்பரப்பைக் கரிசல் மண்ணாக்கிவிட்டன. ரேடாரைக் காட்டினால் அது பருத்திச் செடியையும் வரப்பையும் சொல்லும். வெள்ளியில் மழையுமில்லை, புல்லுமில்லை. ஆதலால் புதிதாக உறைந்து, மரஞ்செடி மூடாமல், வெட்ட வெளியாகக் கிடக்கும் குழம்பு வேண்டும்.

ஐஸ்லாந்தில் அது வேண்டிய மட்டும் கிடைக்கிறது. அத்தீவின் நடுமேட்டிலுள்ள ஹோலுஹ்ரவுன் என்னுமிடத்தில் 2014 ஆகஸ்டு முதல் 2015 பிப்ரவரி வரையில் குழம்பு பெருகி, சுமார் 85 சதுர கிலோமீட்டர் நிலத்தை மூடியது. பக்கத்திலேயே இருக்கும் அஸ்க்யா என்ற எரிமலை 1961-இல் கக்கியது. 1965-லும் 1967-லும் அப்போலோ வீரர்கள் வந்து கற்களை இனம் பிரிக்கக் கற்றதும் இப்பிரதேசத்திலேதான். சந்திரனில் முதலில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் அவர்களில் ஒருவர்.

2023 ஆகஸ்டு மாதத்தில் இங்கே வந்து இரண்டு வாரம் தங்கியவர்கள் வெரிட்டாஸ் என்ற வெள்ளிக் கலத்தின் விஞ்ஞானிகள். தலைவி ஸூஸன் ஸ்மெரெக்கர் என்ற அம்மையார். ஜெர்மன் விண்வெளி நிலையத்தார் ஆகாய விமானத்தில் ரேடாரை ஏற்றிக்கொண்டு மேலே பறந்தார்கள். கீழே அதே நிலத்தில் மற்றவர்கள் லேஸர் கருவிகளை நட்டுத் தரையின் மேடுபள்ளத்தை நுட்பமாக அளந்தார்கள்; கற்களைத் தட்டி எடுத்துப் பைகளில் கட்டினார்கள். மேலே பதிந்த வெண்மை இவ்வளவென்றால் கீழே கரடு இவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பதற்கே இவ்வளவு பாடும். கிரந்த எழுத்து அறியாதவன் ஓலைச்சுவடியைப் பிரித்து வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அன்பர் கேலி செய்த கல் பொறுக்கல், எழுத்துக் கற்கும் வேலை.

கற்களுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. வெள்ளியின் சூடேறிய தரையிலிருந்து எழும் உஷ்ணக் கதிர்களில் சில, மேகத்தையும் கடந்து வெளியே கசிகின்றன. கல்லின் இனத்துக்கேற்ப அந்தக் கதிரின் பலம் மாறும். பெர்லின் நகரத்து ஆராய்ச்சிச் சாலை ஒன்றில், பூமியின் கற்களை வெள்ளியின் உஷ்ணத்துக்குக் காய்ச்சி, எந்தக் கல் எப்படி ஒளிவிடுகிறதென்று கணக்கெடுக்கிறார்கள். வெள்ளியின் மேட்டு நிலங்களில் நம் கருங்கல்லின் இனம் இருப்பதாகத் தெரியவந்தால் அது சாமான்யச் செய்தியன்று. அவ்வினக் கல் ஏராளமாக உண்டாவதற்குத் தண்ணீர் வேண்டும். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததா, இருந்தால் அக்கா தங்கைகளில் ஒருத்தி வாழ்ந்தும் ஒருத்தி வெந்தும் போனதேன் என்ற வழக்கின் முக்கிய சாட்சி அந்தக் கல்.

வெள்ளியின் எரிமலைகள் இன்னும் உயிரோடிருக்கின்றனவா என்பதே பல வருஷம் தர்க்கமாயிருந்தது. மெகல்லன் மாட் மலையின் வாய் ஒன்றை 1991 பிப்ரவரியிலும் அக்டோபரிலும் படமெடுத்திருந்தது. முதற் படத்தில் அது ஏறத்தாழ வட்டம், இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எட்டு மாதத்தில் அது நாலு சதுர கிலோமீட்டராகி, உருவமும் கோணிவிட்டது. படங்கள் இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து எடுத்தவையாதலால் ஒப்பிடுவது எளிதாயில்லை. ராபர்ட் ஹெரிக், ஸ்காட் ஹென்ஸ்லி என்ற இருவர் அதைக் கண்டு வெளியிட்டது 2023 மார்ச்சில். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கைவசமிருந்த படம்! அடுத்த வருஷம் இத்தாலிய விஞ்ஞானிகள் ஸிஃப் மலைச் சரிவிலும் நியோபே சமவெளியிலும் 1990-க்கும் 1992-க்கும் இடையே தரை வெளுத்திருப்பதைக் காட்டி, புதுக் குழம்பு ஓடியது என்றார்கள். இவை எரிமலையால்தான் நேர்ந்தன, பாறைச் சரிவோ மணலோ அல்ல என்று வாதிப்பதற்குப் பூமியின் எரிமலைகளே துணைநின்றன.

அன்பரின் கேள்வியில் பாதி இன்னும் மிச்சமிருக்கிறது: நமக்கென்ன? வெரிட்டாஸ் 2031-க்கு முன் புறப்படாது என்று 2022-லேயே தள்ளிவைத்துவிட்டார்கள். ஆனால் 2024 செப்டம்பரில் நம் மத்திய மந்திரி சபை 1,236 கோடி ரூபாய் ஒதுக்கி, ரேடாருடன் ஒரு கலத்தை வெள்ளிக்கு அனுப்ப அனுமதி அளித்தது. புறப்பாட்டுக்குக் குறித்த காலம் 2028 மார்ச்சு. ஆகவே இது இனி அயலார் வீட்டுச் செலவன்று, நம் வரிப்பணம். அனுப்பும் படத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர் என்று கேட்பதே இப்போது பொருத்தமான கேள்வி.

அதில் எமக்கும் பொறுப்புண்டு. தக்காணப் பீடபூமி எரிமலைக் குழம்பாலானது என்று இருபது வருஷம் பாடம் சொல்லியும், அக்கல்லில் ஒரு துண்டைக்கூட மாணவர் கையில் கொடுத்ததில்லை. சென்ற வருஷந்தான் வடக்கே போய்வந்த நண்பர் ஒருவர் ஔரங்காபாத் சாலையோரத்தில் கிடந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வகுப்பில் கை மாறி மாறி அது சுற்றிவந்தது. அதிலுள்ள சிறு துவாரங்கள் என்னவென்று ஒரு பெண் கேட்டாள். குழம்பு உறையும்போது உள்ளே அகப்பட்ட வாயுவின் குமிழிகள் என்றோம். அவள் உடனே கல்லை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.