விளையாட்டைப் பழிக்கும் முன்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது, மூதாட்டி ஒருவர் தம் பேரனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். "சாமி, எந்நேரமும் இந்தச் செல்லுலயே கெடக்கான். கூப்பிட்டாக் காதுல விழல. இவன் தலையில கைய வச்சு ஜெபம் பண்ணுங்க சாமி" என்றார். நாம் ஜெபித்தோம். அத்தோடு நில்லாமல், அடுத்த ஞாயிறு மறையுரையில் கைப்பேசி விளையாட்டுகள் அனைத்தையும் ஒரே மூச்சில் கண்டித்தோம். சூது, கொலைவெறி, கல்விக்குக் கேடு, குடும்பச் செபத்திற்குத் தடை என்று அடுக்கினோம். பெற்றோர் தலையசைத்தனர். நமக்கும் மனநிறைவாக இருந்தது.

அந்த மனநிறைவு ஒரு வாரமே நீடித்தது. சிவகாசியில் அச்சகம் ஒன்றில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். "சாமி, நீங்க சொன்னது தப்பில்ல. ஆனா ஒரே ஒரு விளையாட்டை மட்டும் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று கணினியில் ஒன்றைத் திறந்து காட்டினார். அதைப் பார்த்தபின், நம் மறையுரையில் பாதியைத் திரும்பப் பெற வேண்டிய கடமை நமக்கு உண்டு என உணர்கிறோம். இக்கட்டுரை அதற்காகவே.

பாதியை மட்டுமே என்பதையும் சொல்லிவிடுகிறோம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது காரணமின்றி அன்று. அவற்றால் அழிந்த குடும்பங்களை நாம் அறிவோம். நாம் திரும்பப் பெறுவது வேறொன்று. விளையாட்டைப் பழித்துவிட்டு, அது ஓடுகிற கருவியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் பீடத்திலிருந்து இறங்கினோமே, அந்த மௌனத்தை.

அந்த விளையாட்டின் பெயர் 'போன் ஸ்டோரி'. கைப்பேசியின் கதை என்று கொள்ளலாம். 2011 செப்டம்பரில் வெளிவந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் இத்தாலியர் பாவ்லோ பெதெர்ச்சினி, 'மொல்லெயிந்துஸ்திரியா' என்ற பெயரில் உருவாக்கும் விளையாட்டுகளுள் அதுவும் ஒன்று. அதில் கைப்பேசியே வாய்திறந்து தன் பிறப்பையும் இறப்பையும் கூறுகிறது. முதற்கட்டம் காங்கோ நாட்டுச் சுரங்கம். கைப்பேசியின் மின்னணு உறுப்புகளுக்குத் தேவையான கோல்டான் என்னும் தாதுவைச் சிறுவர்கள் தோண்டுகிறார்கள். களைத்து நிற்கும் சிறுவனைத் துப்பாக்கி ஏந்தியவன் மிரட்ட வேண்டும்; அவனை நகர்த்துவது ஆடுபவரின் விரல். இரக்கப்பட்டு விரலை எடுத்தால் தாது குறையும், ஆட்டம் தோற்றுப்போகும். இரண்டாம் கட்டம் சீனத் தொழிற்சாலை. மாடியிலிருந்து குதிக்கும் தொழிலாளர்களைக் கீழே ஓடி ஓடித் தாங்க வேண்டும். மூன்றாவதில், புதுக் கைப்பேசிக்காக முண்டியடிக்கும் கூட்டத்திற்கு அதை வீசியெறிய வேண்டும். நான்காவதில், தூக்கியெறியப்பட்ட பழைய கருவிகள் பாகிஸ்தானில் குப்பையாகப் பிரிக்கப்படுகின்றன.

இவற்றுள் எதுவும் கற்பனை அன்று. 2010ஆம் ஆண்டில் சீனாவின் ஷென்சென் நகரிலுள்ள பாக்ஸ்கான் ஆலைகளில் பத்துக்கும் மேற்பட்ட இளந்தொழிலாளர் மாடியிலிருந்து குதித்து இறந்தனர். நிறுவனம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறைப்படி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. 2023 சனவரி இறுதியில் கின்ஷாசாவில் கால்பதித்த திருத்தந்தை பிரான்சிஸ், காங்கோவைச் சூறையாடும் கைகள் விலகட்டும் என்று உலகை நோக்கி முழங்கியதும் இக்கனிமங்களை மனத்திற்கொண்டே.

வெளிவந்த அதே மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் இவ்விளையாட்டைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கியது. காட்டிய காரணங்களுள் ஒன்று, அது சிறார் வதையைச் சித்திரிக்கிறது என்பது! சிறார் வதையைக் காட்டும் சித்திரத்திற்கு அக்கடையில் இடமில்லை. சிறார் தோண்டிய தாது தன் கருவிகளில் கலந்திருக்குமோ என்ற ஐயத்திற்கு மட்டும் அதே விரைவில் விடை கிடைத்ததா?

இனி நம் ஊருக்கு வருவோம். 'எங்கோ காங்கோவில் நடப்பது எங்களுக்கு எதற்கு?' என்று விருதுநகர் மாவட்டத்தில் வாழும் எவரும் கேட்க முடியாது. கைப்பொருள் ஒன்றின் பின்னே சிறுவர் கைகள் மறைந்திருந்த வரலாறு நம்முடையது. 1923ஆம் ஆண்டை ஒட்டி, கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், மழை பொய்த்த கரிசல் காட்டு மக்களுக்குக் கஞ்சி ஊற்றியது உண்மை. அதிலிருந்து வளர்ந்த பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்ற பெயரைத் தந்ததும் உண்மை. கோழி கூவும் முன்பே கம்பெனிப் பேருந்துகள் ஊர் ஊராக வந்து தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிச் சென்றதும் அதே அளவு உண்மை.

1990இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். வழக்குரைஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், தடையை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்நாளில் நாம் குருமட மாணவர். ஊருக்கு வந்தபோது கேட்டதெல்லாம் கோபக் குரல்களே: 'வெளியூர்க்காரன் நம்ம பேரைக் கெடுக்கிறான்', 'பிள்ளை வேலைக்குப் போகலேன்னா அடுப்பு எரியுமா?' நாமும் தலையசைத்தோம். இன்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாயிருக்கிறது. வெளியூர்க்காரர் கேட்ட அந்தக் கேள்வியும், சட்டமும், பள்ளிச் சத்துணவும் சேர்ந்துதான் நம் ஆலைகளில் குழந்தைகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தன. கேள்வியால் தொழில் சாகவில்லை, பிள்ளைகள் பிழைத்தார்கள்.

நம்மிடம் அன்று கேட்கப்பட்டதை இன்று நாம் கைப்பேசியிடம் கேட்க வேண்டாமா? அதுவும் இப்போது சீனாவரை போகத் தேவையில்லை. திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன் பொருத்தும் ஆலை இயங்குகிறது. நம் தென்மாவட்டப் பெண்பிள்ளைகளும் வேலை தேடி அப்பக்கம் பேருந்து ஏறுகிறார்கள். 2021 டிசம்பரில் அந்த பாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். தோழியர் இறந்துவிட்டார்களோ என்ற அச்சத்தில் சக தொழிலாளர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்திற்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டு சுட்டிய இரண்டாம் கட்டம் நம் மாநிலத்து நெடுஞ்சாலைக்கே வந்துவிட்டது.

'கருவியைக் கண்டிக்கக் கருவியிலேயே விளையாட்டா? இது முரண் அல்லவா?' என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2010இல் இயன் போகோஸ்ட் என்ற பேராசிரியர், முகநூல் விளையாட்டுகளின் வெறுமையைக் கேலி செய்ய 'கௌ கிளிக்கர்' என்ற ஒன்றை உருவாக்கினார். ஆறு மணிக்கு ஒருமுறை ஒரு மாட்டுப் படத்தைத் தொடுவது மட்டுமே அதில் ஆட்டம். கேலி புரியாமல், அல்லது புரிந்தும், பல்லாயிரம் பேர் விடாது தொட்டனர். 2011இல் அவர் மாடுகளை மறையச் செய்தபின்னும் சிலர் வெற்றிடத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தனர். ஆகவே விளையாட்டு ஒன்றே மனமாற்றம் தந்துவிடும் என்று நாம் கூறவில்லை.

ஆயினும் இறைவாக்கினர் நாத்தானை எண்ணிப் பாருங்கள். உரியாவைக் கொல்வித்த தாவீதிடம் அவர் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொன்னார். சினந்தெழுந்து தீர்ப்பு வழங்கியவனிடம், அந்தச் செல்வன் வேறு யாருமல்ல, நீரே என்றார். 'போன் ஸ்டோரி' செய்வதும் இதுவே. தாவீது கதையைக் கேட்டான். இங்கே நாமே விரலால் சிறுவனை மிரட்டுகிறோம். வெற்றி பெற்ற பின், வென்ற கருவி நம் உள்ளங்கையில் சூடாக இருக்கிறது. மறையுரையைக் கேட்பவர் 'இது அடுத்த வீட்டானுக்கு' என்று ஒதுங்கிக்கொள்ளலாம். இதில் ஒதுங்க இடமில்லை.

இன்னொரு மறுப்பும் எழும். அதை மறைக்க விரும்பவில்லை. இதே மொல்லெயிந்துஸ்திரியா, 2007இல் குருக்களின் சிறார் வன்கொடுமையைத் திருச்சபை மூடிமறைத்ததைக் குத்திக்காட்டியும் ஒரு விளையாட்டை வெளியிட்டது. 'நம்மை இழிவுபடுத்தியவரிடமா பாடம் கற்பது?' என்று அன்பர்கள் வருந்தலாம். அதைக் கேள்விப்பட்டபோது நமக்கும் வலித்தது. ஆனால் மூடிமறைத்தது நிகழ்ந்ததா இல்லையா? நிகழ்ந்தது, திருத்தந்தையரே அதற்காக மன்னிப்பு வேண்டியுள்ளனர். சிவகாசி அன்று வெளியூர்க்காரர்மீது காட்டிய அதே கோபத்தை நாம் இன்று காட்டினால், எதையும் கற்கவில்லை என்றே பொருள்.

தொழில்நுட்பம் வெறும் நடுநிலைக் கருவி அன்று. அதை ஆக்குவோரின் நலனும் நோக்கமும் அதனுள் பதிந்துள்ளன என்று 2015இல் வெளியான 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல் எச்சரித்தது. 1891இல் ஆலைத் தொழிலாளருக்காகக் குரலெழுப்பிய பதின்மூன்றாம் லியோவின் பெயரைத் தாம் ஏற்றதற்குச் செயற்கை நுண்ணறிவு தொடுக்கும் புதிய சவாலையும் ஒரு காரணமாக 2025 மே மாதம் திருத்தந்தை பதினான்காம் லியோ கூறினார். திருச்சபையின் தலைமை இவ்வாறு பேசும்போது, பங்குத்தளத்தில் நாம் செய்வது என்ன? பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்குகிறோம். அடுத்த நிமிடம் அதே கைப்பேசியில் பங்கின் வாட்ஸ்அப் குழுவிற்கு அறிவிப்பு அனுப்புகிறோம்.

அதைவிடவும் கசப்பான ஓர் உண்மை உண்டு. நம் திருவிழாக்களில் தேர்ப்பவனி முடிந்ததும் வாணவேடிக்கை. உபயமாக வந்த வெடிக்கட்டு எந்த ஆலையில் உருவானது, அங்கே ஓர் அறையில் விதித்த அளவுக்கு மேல் எத்தனை பேரை அடைத்தார்கள் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. 1991 மீனம்பட்டி, 2012 முதலிப்பட்டி, 2021 அச்சன்குளம், 2025 சின்னக்காமன்பட்டி. மருந்துக் கலவையில் ஓர் உராய்வு போதும். கருகிய உடல்களுக்கு முன் நின்று செபிக்க மட்டும் நாம் தவறுவதில்லை. பிறகு மறு ஆண்டுத் திருவிழா, மறுபடி வாணவேடிக்கை. வானத்தைப் பார்த்து நாமும் கைதட்டினோம். கைப்பேசிக்காரரைக் குற்றம் சாட்டும் தகுதி நமக்கு வேண்டுமானால், கேள்வியை இங்கிருந்து தொடங்க வேண்டும்.

கைப்பேசியை உடையுங்கள், பட்டாசு ஆலைகளை மூடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. உலை வைக்கும் தொழிலை உதறச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. நாம் கேட்பது மூன்று. இளைஞர் மன்றக் கூட்டம் ஒன்றில் இத்தகைய விளையாட்டைக் காட்டி, ஆடச் செய்து, அதன்பின் உரையாடுங்கள். வெளியூர் ஆலைக்குப் போன நம் பிள்ளைகள் எங்கே தங்குகிறார்கள், என்ன உண்கிறார்கள் என்பதை அன்பியக் கூட்டங்களில் பெயர் சொல்லி விசாரியுங்கள். திருவிழா உபயத்தை ஏற்கும் முன், அதைச் செய்த கைகளைப் பற்றிக் கேளுங்கள். தக்க விடை வராவிட்டால், அவ்வாண்டுத் தேர் வாணவேடிக்கையின்றியே நிலைக்கு வரட்டும்.

அந்த மூதாட்டியையும் பேரனையும் மீண்டும் அழைத்தோம். இளைஞரின் உதவியோடு சிறுவனை விளையாடச் சொன்னோம். முதற்கட்டத்திலேயே விரலை எடுத்துவிட்டு, "சாமி, இந்தப் பையனுக்கு என்ன வயசு?" என்றான். நாம் விடை தேடுமுன் பாட்டி, "எனக்கு ஏழு வயசுலயே தீப்பெட்டி ஆபீஸ்ல பேரு விழுந்திருச்சுய்யா" என்றார். அவன் திரும்பிப் பாட்டியின் கைகளைப் பார்த்தான். பத்து ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் அவர் அதை அவனிடம் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. அன்று கேட்டான். ஒரு விளையாட்டு கேட்க வைத்தது. நம் மறையுரை வைக்கவில்லை.