சாஃப்ட்வேர் க்ராஷ் ஆனா, செக்யூரிட்டியை ஆஃப் பண்ணாதீங்க!

ஜூலை 30, ராத்திரி 11 மணி. கிளையன்ட் ஒருத்தர் போன் பண்ணாரு. "சார், ரிட்டர்ன் ஃபைலை சேவ் கொடுத்தாலே சாஃப்ட்வேர் க்ளோஸ் ஆயிடுது. ஆன்டிவைரஸை மொத்தமா ஆஃப் பண்ணிடவா?"

"வேண்டவே வேண்டாம். ஒருத்தரை உள்ளே விடறதுக்காக வாட்ச்மேனையே வீட்டுக்கு அனுப்புவீங்களா?"ன்னு கேட்டேன்.

விண்டோஸ் 10, 11-ல் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்'னு ஒரு பாதுகாப்பு இருக்கு. ஃபைல்களைப் பூட்டிட்டு பணம் கேட்கும் ரான்சம்வேரைத் தடுக்கத்தான் அது. அது ஆன்ல இருந்தா, தனக்கு நம்பிக்கை இல்லாத சாஃப்ட்வேரை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்ல எழுத விடாது. சில சாஃப்ட்வேர் அதைச் சமாளிக்கத் தெரியாம க்ராஷ் ஆயிடும்.

விண்டோஸ் செக்யூரிட்டியில 'ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யைப் பாருங்க. எதைத் தடுத்ததுன்னு அங்கே இருக்கும். அதிகாரப்பூர்வ தளத்துல இறக்கினதுதான்னு உறுதியா தெரிஞ்சா, அதுக்கு மட்டும் அனுமதி கொடுங்க. வாட்ஸ்அப்ல யாரோ அனுப்பினதா இருந்தா, டெலிட் பண்ணிடுங்க.

கெடு தாண்டினா லேட் ஃபீஸ் அதிகபட்சம் 5,000 ரூபாய். ஆனா அதே லேப்டாப்லதான் உங்க பான், ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இருக்கு. அது திருட்டுப் போனா வர்ற நஷ்டத்துக்கு அதிகபட்சம்னு ஒண்ணு கிடையாது.

அவசரத்துலதான் இந்தத் தப்பைப் பண்றோம். ஒரு வாரம் முன்னாடியே ஃபைல் பண்ணிடுங்க.