வெள்ளித் தகட்டின் மேல் ஒரு மூலக்கூறு... நடுவில் கயிறு இழுக்கும் போட்டி!

நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அதற்குள் இருக்கும் தட்டையான வளையத்தின் நடுவே ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. மேல்பக்கத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டும். கீழ்ப்பக்கத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இரும்பைப் பிடித்திருக்கும். கீழே இருக்கும் பிடி மாறினால், மேலே ஒட்டும் விதமும் மாறும்.

சரி, கீழே ஹிஸ்டிடினுக்குப் பதில் ஓர் உலோகத் தகடே இருந்தால்?

ஜெர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத்தான் சோதித்தார்கள். ஹீமோகுளோபினில் இருப்பது போன்ற அந்த வளையத்துக்கு பார்ஃபைரின் என்று பெயர். நடுவில் கோபால்ட் அணு கொண்ட பார்ஃபைரினை, வெற்றிடத்தில் வெள்ளியின் மேல் பரப்பினார்கள். வெள்ளி சும்மா இருக்கவில்லை. கோபால்ட்டுக்கு எலக்ட்ரான் கொடுத்து, அதோடு பிணைப்பு போட்டுக்கொண்டது.

அடுத்து, மேலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் செலுத்தினார்கள். வாயு கோபால்ட்டில் ஒட்டியதும், கீழே வெள்ளியுடன் இருந்த பிணைப்பு தளர்ந்தது. சூடாக்கி வாயுவை விரட்டினால், பழைய பிணைப்பு திரும்பியது. கயிறு இழுக்கும் போட்டியேதான்! 2011-ல் வெளியான ஆய்வில் இதற்கு 'சர்ஃபேஸ் டிரான்ஸ் எஃபெக்ட்' என்று பெயர் வைத்தார்கள்.

இதனால் என்ன லாபம்?

வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்தான் வினையூக்கி. திரவத்தில் கரைந்த வினையூக்கியை, வேலை முடிந்ததும் பிரித்தெடுப்பது பெரிய தலைவலி. உலோகத்தின் மேல் ஒட்டிவிட்டால் அந்தச் சிக்கல் குறையும். மின்சாரமும் நேரடியாகக் கொடுக்கலாம். கார்பன் டை ஆக்சைடை எரிபொருளாக மாற்ற முயல்பவர்கள் பலரும் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். ஆனால், குடுவையில் நன்றாக வேலை செய்த மூலக்கூறு, உலோகத்தில் ஒட்டியதும் அதே மாதிரி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. உலோகம் அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்தால், மேலே வர வேண்டிய வாயுவின் பிடி தளர்ந்துவிடும்.

சில சமயம் அதுவே உதவியாகவும் அமையும். நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் 2007-ல், தங்கத்தின் மேல் மாங்கனீசு பார்ஃபைரின்களை வைத்து, ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டாக உடைந்து, பக்கத்துப் பக்கத்து பார்ஃபைரின்களில் ஆளுக்கொரு அணுவாக அமர்வதைப் பதிவு செய்தார்கள்.

ஆக, வினையூக்கியைத் தேர்ந்தெடுப்பவர், அது எந்த உலோகத்தின் மேல் உட்காரப்போகிறது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கீழே இருப்பது வெறும் தரை அல்ல. அதுவும் வினையில் ஓர் ஆள்!