அகழி வெட்டியவர்களின் பெயர் எங்கே?

கோட்டை என்றதும் நம் கண் முன் வருவது ராஜாவும் ராணியும் குதிரை வீரர்களும்தான். பாடப்புத்தகப் படமும் அப்படித்தான், சினிமாவும் அப்படித்தான். ஐரோப்பாவின் இடைக்காலத்தைப் படிக்கும் மாணவர்கள் நிலமானிய முறையை ஒரு முக்கோணமாக வரைகிறார்கள். உச்சியில் அரசர், நடுவில் பிரபுக்கள், அடியில் பண்ணையடிமைகள் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்த அடித்தட்டில் இருந்தவர்கள் கோட்டைக்கு என்ன கொடுத்தார்கள், கோட்டை அவர்களுக்கு என்ன கொடுத்தது என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. அதைத்தான் இங்கே நாம் கேட்கிறோம்.

கோட்டை என்பது மக்களைக் காப்பாற்றக் கட்டியது என்று பலரும் நம்புகிறார்கள். இங்கிலாந்தின் வரலாறு வேறு கதை சொல்கிறது. 1066இல் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்த வில்லியம் அந்த நாட்டைப் பிடித்தார். உடன் வந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஆள வேண்டிய மக்களோ பல லட்சம். அந்தப் பயத்தில் பிறந்தவைதான் அங்கே எழுந்த கோட்டைகள். உள்ளூர் ஆட்களைப் பிடித்து வந்து பள்ளம் தோண்டச் சொல்வார்கள். தோண்டிய மண்ணை நடுவில் மேடாகக் குவித்து, அதன் மேல் மரத்தால் கோபுரம் எழுப்புவார்கள். அந்தப் படையெடுப்பைக் காட்டும் பேயூ துணிச்சித்திரத்திலேயே, ஹேஸ்டிங்ஸில் மண்வெட்டியோடு நிற்கும் ஆட்களையும் அவர்களை வேலை வாங்குபவரையும் பார்க்கலாம். தங்களை அடக்கப் போகும் மேட்டைத் தங்கள் கையாலேயே குவித்தவர்கள் அவர்கள்.

ஊருக்கு வெளியே இடம் தேடியும் அலையவில்லை. நகரத்தின் நடுவிலேயே வீடுகளை இடித்துக் கோட்டைகளைக் கட்டினார்கள். வில்லியம் 1086இல் எடுக்கச் செய்த நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே புத்தகமே இதற்குச் சாட்சி. கோட்டைக்காக லிங்கன் நகரில் 166 வீடுகளும், நார்விச்சில் 98 வீடுகளும், கேம்பிரிட்ஜில் 27 வீடுகளும் போயின என்று அது கணக்கு வைத்திருக்கிறது. வீடுகளின் எண்ணிக்கையை எழுதியவர்கள், அவற்றில் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எழுதவில்லை. வீடு போனதால் வரி குறைந்தது என்பதுதான் அரசின் கவலை.

காலப்போக்கில் மரம் போய்க் கல் வந்தது. மன்னர் முதலாம் எட்வர்ட் 1282, 1283 ஆண்டுகளில் வேல்ஸ் நாட்டை முழுவதுமாக அடக்கினார். வேல்ஸ் மக்களின் இளவரசர் லிவெலின் கொல்லப்பட்டார். அதன்பின் கடற்கரையோரமாகக் கான்வி, கார்னார்வன், ஹார்லெக் கோட்டைகள் எழுந்தன. 1294இல் வேல்ஸ் மக்கள் மறுபடியும் கிளர்ந்தெழுந்தார்கள். அதை அடக்கிய கையோடு 1295இல் பியூமாரிஸ் கோட்டையின் வேலை தொடங்கியது. இன்று சுற்றுலா வழிகாட்டிகள் இவற்றை உலகின் மிக அழகான கோட்டைகள் என்று சொல்கின்றன. அழகுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் இருந்த வேலைத்தளத்தையும் கொஞ்சம் பார்ப்போம்.

பியூமாரிஸ் கோட்டையைக் கட்டிய தலைமைக் கல்தச்சர் ஜேம்ஸ், அரசரின் கருவூலத்துக்கு 1296 பிப்ரவரியில் எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. 400 கல்தச்சர்கள், 2,000 சாதாரணக் கூலியாட்கள், 200 கல்லுடைப்பவர்கள், 30 கொல்லர்கள், 100 சிறு வண்டிகள், 60 பெரிய வண்டிகள், 30 படகுகள். வாரத்துக்கு 250 பவுண்டு செலவு. இதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கூலி நெடுநாளாகப் பாக்கி நிற்கிறது, ஆட்களுக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லை, அவர்களை நிறுத்தி வைப்பதே பெரும்பாடாக இருக்கிறது என்று அவர் முறையிடுகிறார். எழுநூறு ஆண்டு பழைய கடிதம். கட்டட வேலைக்கு வெளியூர் போய், மேஸ்திரியிடம் கூலி பாக்கி கேட்டு நின்ற யாருக்கும் இது பழைய செய்தியாகத் தோன்றாது.

கூலி கொடுத்தார்களே, பிறகு எப்படி அது கட்டாய வேலை ஆகும் என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எட்வர்டின் கோட்டைகளில் வேலை செய்தவர்களுக்குக் கூலி உண்டு. ஆனால் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை இல்லை. மாவட்டத்துக்கு இத்தனை மண்வெட்டும் ஆள், இத்தனை தச்சர் என்று அரசாணை போகும். ஷெரீப் ஆள் பிடித்து அனுப்ப வேண்டும். 1277இல் ஃபிளின்ட் கோட்டைக்கு மண்வெட்டும் ஆட்களை அனுப்பியபோது, வழியில் ஓடிவிடக் கூடாது என்று குதிரை வீரர்களைக் காவலுக்கு அனுப்பினார்கள். விரும்பி வேலைக்குப் போகிறவருக்குக் காவல் எதற்கு? கூலியிலும் ஏற்றத்தாழ்வு பெரிது. தலைமைக் கல்தச்சருக்கு நாளுக்கு 3 ஷில்லிங், அதாவது 36 பென்னி. அது ஆயுள் முழுவதற்கும். அவர் இறந்தால் மனைவிக்குப் பாதி. மண் சுமந்தவருக்கு நாளுக்குச் சுமார் 2 பென்னி. அவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தால் அவர் மனைவிக்கு என்ன கிடைத்தது என்று அந்தக் கணக்குகளில் தேட வேண்டியதில்லை.

இது அரசரின் வேலைத்தளம். பிரபுவின் கிராமத்தில் நிலைமை இதைவிட மோசம். பண்ணையடிமையாகப் பிறந்தவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். குடும்பத் தலைவர் இறந்தால் தொழுவத்தில் இருக்கும் நல்ல மாடு பிரபுவுக்குப் போகும். சோழர் காலக் கல்வெட்டுகளில் கூலியில்லாத கட்டாய உழைப்புக்கு ‘வெட்டி’ என்று பெயர். அந்தச் சொல்லை இன்றும் பேச்சில் வைத்திருக்கும் நமக்கு, ஐரோப்பியப் பண்ணையடிமை முறையைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்படாது.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கோட்டைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள்? கான்வி கோட்டையின் காவலுக்கு 1284இல் ஒதுக்கப்பட்டவர்கள் வெறும் 30 பேர். அவர்களில் 15 பேர் குறுக்குவில் வீரர்கள். மீதிப் பேரில் ஒரு பாதிரியார், ஒரு தச்சர், ஒரு கொல்லர், ஒரு கொத்தனார், வாயிற்காவலர்கள். முப்பது பேர் ஒரு வட்டாரத்தையே அடக்கி வைக்க முடியும் என்றால், அதுதான் கல் மதிலின் பயன்.

கோட்டையை ஒட்டி மதில் சூழ்ந்த புது ஊர்களும் எழுந்தன. இங்கிலாந்திலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்தவே அந்த ஊர்கள். சுற்றுவட்டாரத்து வேல்ஸ் மக்கள் விற்கவும் வாங்கவும் அந்த ஊர்ச் சந்தைக்கே வர வேண்டும். ஆனால் அங்கே உரிமையுள்ள குடியாக இருக்க முடியாது. பியூமாரிஸ் கட்டுவதற்காக லான்வேஸ் என்ற செழிப்பான வேல்ஸ் ஊரையே காலி செய்து, மக்களைச் சுமார் 12 மைல் தள்ளிப் புது இடத்தில் குடியேற்றினார்கள். பிறகு வந்த 1401, 1402 ஆண்டுச் சட்டங்கள், அந்த ஊர்களில் வேல்ஸ் மக்கள் நிலம் வாங்கக் கூடாது, ஆயுதம் ஏந்தி வரக் கூடாது என்று எழுத்திலேயே தடை போட்டன. உழைப்புக்கு உள்ளே வரலாம், குடியிருக்க வெளியே போக வேண்டும். ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு போட்ட மண்ணில் வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுமா?

சரி, ஆபத்துக் காலத்திலாவது கோட்டை எளியவர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததா? சில இடங்களில் கொடுத்தது. ஆனால் பிரான்சில் உள்ள ஷாட்டோ கையார் கோட்டையில் நடந்ததையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1203இல் பிரெஞ்சு மன்னர் பிலிப் அதை முற்றுகையிட்டார். கீழே இருந்த ஊரின் மக்கள் கோட்டைக்குள் ஓடி அடைக்கலம் புகுந்தார்கள். தானியம் குறைந்ததும் கோட்டைத் தளபதி அவர்களை வெளியே அனுப்பினார். முதலில் வந்தவர்களைப் பிரெஞ்சுப் படை போகவிட்டது. பிறகு வந்தவர்களை மறித்தது. திரும்பி ஓடியவர்களுக்குக் கோட்டைக் கதவும் திறக்கவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் மதிலுக்கும் எதிரிப் படைக்கும் நடுவே குளிர்காலத்தில் பட்டினி கிடந்தார்கள். பலர் அங்கேயே செத்தார்கள். சண்டை போடத் தெரியாதவர்கள் வெறும் வாய்கள் என்பது அன்றைய போர்க் கணக்கு. அவர்கள் விளைவித்த தானியம் மட்டும் உள்ளே இருந்தது.

இனி, கோட்டையின் அன்றாட வாழ்க்கை. பெரிய கூடம், விருந்து, வேட்டைநாய், பாடகர் என்று நிறையப் படித்திருப்போம். கழிவறையைப் பற்றி எங்காவது படித்தோமா? மதில் சுவரிலேயே சின்ன அறை, கல் இருக்கையில் ஓட்டை, கீழே அகழி அல்லது குழி. கான்வி நகர மதிலில் வரிசையாக 12 கழிவறைகள் வெளியே துருத்திக்கொண்டிருப்பதை இன்றும் காணலாம். மேலே இருந்தவர்களுக்கு அது அங்கேயே முடிந்த காரியம். குழி நிறைந்தால் உள்ளே இறங்கி அள்ளியவர் ஒருவர் இருந்தார். நகரங்களில் அந்த வேலையை இரவில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடும் பிற்காலத்தில் வந்தது. 1326இல் லண்டனில் ரிச்சர்ட் என்ற துப்புரவுத் தொழிலாளி, மட்கிய பலகை உடைந்து மலக்குழிக்குள் விழுந்து இறந்ததை அந்நகரத்து மரண விசாரணைப் பதிவு சொல்கிறது. எழுநூறு ஆண்டுகளாகியும் அப்படிப்பட்ட மரணச் செய்தி நம் நாளிதழ்களில் நின்றபாடில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்த பிறகும் நிற்கவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே குழி அள்ளியவரை ஊர் முகம் சுளித்துப் பார்த்தது உண்மை. ஆனால் கூலி நல்ல கூலி. அவர் மகனும் அதையே செய்ய வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை. பண்ணையடிமைக்கும் தப்பிக்க ஒரு சந்து இருந்தது. உரிமை பெற்ற நகரத்துக்கு ஓடிப்போய் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் அவர் சுதந்திர மனிதர். இங்கே நகரத்துக்குப் போனாலும் சாதி கூடவே ரயிலேறி வருகிறது. வாடகைக்கு வீடு கேட்கும்போது முன்னால் வந்து நிற்கிறது. வேலையைப் பிரிப்பது வேறு, பிறப்பைச் சொல்லி ஆளைப் பிரிப்பது வேறு என்று அண்ணல் அம்பேத்கர் நமக்குக் காட்டித் தந்த வேறுபாடு இதுதான்.

அந்த மக்கள் என்றும் குனிந்தே இருக்கவில்லை. 1381இல் ராபர்ட் பெல்லிங் என்பவரை, ‘இவர் என் பண்ணையடிமை’ என்று அரசவைப் பிரபு சைமன் பர்லி உரிமை கொண்டாடினார். விடுதலைக்கு 300 பவுண்டு கேட்டார்கள். சாதாரணக் கூலியாள் ஆயுள் முழுக்க உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை. கொடுக்க முடியாத பெல்லிங்கை ராச்செஸ்டர் கோட்டையில் அடைத்தார்கள். ஜூன் மாதம் கென்ட் விவசாயிகள் திரண்டு வந்தார்கள். ஒரு காலத்தில் அரசர் ஜான் வாரக்கணக்கில் முற்றுகையிட்டுப் பிடித்த கோட்டை அது. விவசாயிகள் கூட்டத்தைக் கண்டு அதன் காவலர் பணிந்தார். பெல்லிங் வெளியே வந்தார். அடுத்த சில நாட்களில் அவர்கள் லண்டன் கோபுரக் கோட்டைக்குள்ளேயே நுழைந்தார்கள். பண்ணையடிமை முறை ஒழியும் என்று அரசர் அன்று கொடுத்த வாக்கைப் பின்னர் மீறினார். கிளர்ச்சியை ரத்தத்தில் முடித்தார்கள். ஆனாலும் அடுத்த நூற்றாண்டில் அந்த முறை மெல்ல மெல்லத் தேய்ந்தது.

வேல்ஸ் கோட்டைகளை 1986இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. 2017இல் ஃபிளின்ட் கோட்டை அருகே பிரம்மாண்டமான இரும்பு வளையம் ஒன்றை நிறுத்த அரசு திட்டமிட்டது. எட்வர்டின் கோட்டைச் சங்கிலியை ‘இரும்பு வளையம்’ என்றுதான் வேல்ஸ் மக்கள் சொல்வார்கள். எங்களை நெரித்த வளையத்துக்கு எங்கள் வரிப்பணத்தில் சின்னமா என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கோட்டையை இடியுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. அடக்குமுறையை அலங்காரமாக்காதீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

நம் நிலைப்பாடும் அதுவே. எந்தக் கோட்டையையும் நாம் வெறுக்கத் தேவையில்லை. அதில் உள்ள ஒவ்வொரு கல்லும் ஓர் உழைப்பாளி உடைத்துச் சுமந்து ஏற்றிய கல். பெருமை என்று ஒன்று இருந்தால் அதில் முதல் பங்கு அவருக்கு. எனவே மாணவர்களே, அடுத்த முறை கல்விச் சுற்றுலாவில் எந்த ஊர்க் கோட்டை முன் நின்றாலும் ஆசிரியரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த அகழியை வெட்டியது யார்? அவர்களுக்குக் கூலி கிடைத்ததா? இங்கே முன்பு குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்? இதன் கழிவை அள்ளியது யார்? ஆசிரியருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம், அதில் தவறில்லை. சேர்ந்து தேடுங்கள். வரலாற்றுப் பாடத்தில் அந்த முக்கோணத்தை வரையும்போது, இம்முறை அடியிலிருந்து தொடங்கி வரையுங்கள்.