கெடுவுக்கு முன்னாலே அடைக்கலாமா?

'வீட்டுக் கடனை முன்னாலேயே கட்டினால் பாங்க்கிலே அபராதம் போடுவாங்களாமே!' என்று பயந்துகொண்டு, கையில் சேர்ந்த பணத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே தூங்க வைத்திருக்கும் சகோதரிகளை நான் நிறையப் பார்க்கிறேன். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனுக்கு பாங்க்குகள் அப்படி அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே உத்தரவு போட்டாயிற்று. நிலையான வட்டி என்றால் மட்டும் கடன் பத்திரத்தை எடுத்துப் படித்துவிடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம். மாதத் தவணை சுமார் 9,000 ரூபாய். முதல் வருஷ முடிவில் ஒரு லட்சத்தைச் சேர்த்துக் கட்டினால், கடைசியில் சுமார் 50 தவணை குறைகிறது. ஏறக்குறைய நாலரை லட்சம்! ஆனால் ஒன்று: 'தவணைத் தொகை பழையபடியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தவணையைக் குறைத்துக்கொண்டால் இவ்வளவு லாபம் வராது.

இதே உரிமை எதிராளி கையில் இருந்தால்? அப்போதுதான் நமக்குத் தலைவலி. 1993-ல் குஜராத்தின் சர்தார் சரோவர் நர்மதா நிகாம், 3,600 ரூபாய் போட்டால் 20 வருஷத்தில் 1,11,000 தருவதாகப் பத்திரம் வெளியிட்டது. பெண் கல்யாணத்துக்கு ஆகும் என்று வாங்கி வைக்கத் தோன்றும்தானே? 2008-ல் மாநில அரசு சட்டமே கொண்டுவந்து, பத்திரங்களை முன்கூட்டியே முடிக்கும் அதிகாரத்தை நிறுவனத்துக்குக் கொடுத்தது. 2009-ல் பத்திரத்துக்கு 50,000 ரூபாய் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு அது நல்ல வட்டிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 50,000-ஐ 9 சதவீதத்தில் போட்டாலும் மிச்சம் அஞ்சு வருஷத்தில் சுமார் 77,000 தான் ஆகும். லட்சத்துச் சொச்சத்தை நம்பித் திட்டம் போட்டவர்கள் என்ன செய்வார்கள்?

சட்டம் போட்டுப் பறிப்பதை நாம் தடுக்க முடியாது. பத்திரத்தில் எழுதியிருப்பதையாவது படிக்கலாமே. 'கால் ஆப்ஷன்' என்று இருந்தால் வெளியிட்டவர்கள் தங்களுக்கு வசதியானபோது பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெரும்பாலும் வட்டி விகிதம் இறங்கும்போது செய்வார்கள். 'புட் ஆப்ஷன்' என்றால் குறிப்பிட்ட தேதியில் நாம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று கையெழுத்துக்கு முன்னாலேயே கேட்டு, பத்திரத்தோடு ஒரு துண்டுத் தாளில் குறித்து வையுங்கள்.