மரம் விழுங்கினால் கணக்கு தீர்ந்துவிடுமா?

கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கினால் ஓசூர் டிவியில் வந்துவிடும். நுரை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் செய்தி. குரோமியம், நிக்கல், ஈயம், காட்மியம் மாதிரி கன உலோகங்கள் நுரைக்காது, நாறாது. மண்ணில் கலந்தால் மக்கவும் மக்காது. அதனால் செய்தியாவதும் அபூர்வம்.

தொழிற்பேட்டை மாசு என்றாலே எல்லோரிடமும் ரெடியாக இருக்கும் பதில், 'மரம் நடுவோம்'. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும் பல ஆலைகளுக்கு குறிப்பிட்ட அளவு இடத்தில் மரம் வளர்க்க வேண்டும் என்று நிபந்தனையே உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மரம் உலோகத்தை என்ன செய்யும் என்று யாராவது யோசிக்கிறோமா?

மரத்தால் எழுந்து ஓட முடியாது. வேர் வழியாக காட்மியம் நுழைந்தால் செல்லுக்குள் சில மரபணுக்கள் சுறுசுறுப்பாகின்றன. குளூட்டாதயோன் என்ற சின்ன மூலக்கூறு அதிகமாகத் தயாராகிறது. அதைக் கோர்த்து ஃபைட்டோகெலாட்டின் என்ற சங்கிலியை ஒரு நொதி உருவாக்குகிறது. சங்கிலி உலோகத்தைக் கட்டிப் பிடிக்கும். தாவரங்களில் இது இருப்பது 1985ல் தெரிந்தது; நொதிக்கான மரபணு 1999ல்தான் அகப்பட்டது. அப்புறம், வேறு மரபணுக்கள் தரும் 'பம்பு' புரதங்கள் அந்த மூட்டையை வாக்குவோல் என்ற பைக்குள் தள்ளிவிடும்.

கவனியுங்கள்... பூட்டி வைக்கிறது, அழிக்கவில்லை! நியூ கலிடோனியா தீவில் பிக்னாண்ட்ரா அக்யூமினேட்டா என்றொரு மரம். அதன் பால் நீலப்பச்சை நிறம். காய்ந்த பாலின் எடையில் சுமார் 25 சதவீதம் நிக்கல் என்று 1976ல் எழுதினார்கள். அந்த மரத்துக்குள்ளும் நிக்கல் நிக்கலாகத்தான் இருக்கிறது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு லெட்ஜரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதினால் கடன் அடைந்ததாகாது. இலைக்குப் போன உலோகம் இலை உதிர்ந்தால் மறுபடி மண்ணுக்கு வரும். சருகைக் கொளுத்தினால் சாம்பலிலும் புகையிலும் போகும். ஆடு மேய்ந்தால் ஆட்டுக்குள் போகும்.

எல்லா மரமும் ஒன்று போல் நடப்பதும் இல்லை. சில வேரிலேயே நிறுத்திவிடும், சில இலைவரை ஏற்றும். ஒரே பாப்லர் இனத்திலேயே ரகத்துக்கு ரகம் மாறுகிறது. புல் என்றால் சில பத்தாண்டுகளில் தாங்கும் வகை உருவாகிவிடும். மரத்தின் தலைமுறை நீளம். கையிலிருக்கும் மரபணுக்களை வைத்துத்தான் அது சமாளிக்க வேண்டும்.

அந்தச் சமாளிப்புக்கும் எல்லை உண்டு. ஓசூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் போனால் கிருஷ்ணகிரி, வேலூர் தாண்டி ராணிப்பேட்டை. அங்கே 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். அதை நாலு வரிசை வேப்பங்கன்று தீர்த்துவிடும் என்று யாராவது சொல்வார்களா?

ஆகவே மரம் நடுங்கள், கட்டாயம் நடுங்கள். ஆனால் எத்தனை கன்று என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், எந்த ரகம், உலோகம் வேரிலா இலையிலா, சருகு எங்கே போகிறது என்றும் ஆலைகளிடம் கேட்க வேண்டும். முதலில் கேட்க வேண்டியது, உலோகம் ஏன் வாசலைத் தாண்டி வெளியே வந்தது என்பதை. மரத்தின் பொறுமையை ஆலையின் லாபக் கணக்கில் வரவு வைப்பது நியாயமே இல்லை!