தூரத்து வேட்டைக்கு எந்தக் கருவி வேண்டும்?



அமெரிக்காவில், கொலராடோவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் எல்க் மான் வேட்டைக்கு உரிமம் எடுத்திருக்கிறார். "சார், தூரத்திலிருந்து சுட என்னென்ன கருவி வாங்கலாம்?" என்று கேட்டிருந்தார். நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. அங்கே அரசு அனுமதியோடு நடக்கிறது. நான் துப்பாக்கி பிடித்தவன் அல்ல. ஆனால் இது இயற்பியல் கேள்வி. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பாய்கிற குண்டும் கை நழுவிய கல்லும் கீழ்நோக்கி விழுவது ஒரே கணக்கில்தான். 500 கெஜம் கடக்க ஒரு குண்டுக்குச் சுமார் 0.7 நொடி. அதற்குள் 2.4 மீட்டர் விழுந்துவிடும். 500 என்று நினைத்துக் குறிவைத்த மான் 550-இல் நின்றால், குண்டு அரை முழத்துக்கு மேல் தாழ்ந்து போகும். ஆகவே முதல் செலவு லேசர் தூரமானிக்கு. சரிவுக் கோணத்தையும் கணக்கிடுவதாக இருக்கட்டும். 30 டிகிரி சரிவில் 400 கெஜம் காட்டினால், விழுவதற்கான கணக்கில் அது ஏறக்குறைய 346 தான்.

இரண்டாவது, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப். பெட்டியில் அச்சிட்ட வேகம் உங்கள் துப்பாக்கியின் வேகம் அல்ல. இதை வாங்க வேண்டாம். ஒருநாள் இரவல் போதும். அந்த எண்ணையும் மலை உயரத்தின் காற்றழுத்தத்தையும் கைபேசிச் செயலியில் போட்டால் அட்டவணை வந்துவிடும்.

காற்றுமானிக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். அது நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றைத்தான் சொல்லும். நடுவிலுள்ள பள்ளத்தாக்கின் காற்றைச் சொல்லாது. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று, 500 கெஜத்தில் பல குண்டுகளைச் சுமார் ஒரு முழம் தள்ளிவிடும். தானே கணக்குப் போடும் விலையுயர்ந்த தொலைநோக்கியும் இந்தக் காற்றை அறியாது.

இன்னொன்று. அந்த 0.7 நொடியில் மான் ஓர் அடி எடுத்து வைத்தால்? அதை அளக்க எந்தக் கடையிலும் கருவி இல்லை. வயிற்றில் அடிபட்ட மான் எங்கோ போய் மணிக்கணக்கில் வதைபட்டுச் சாகும். 1887-இல் தியடோர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கழகமே, எவ்வளவு தூரம் சுட முடியும் என்று உயிரின்மேல் சோதிப்பது வேட்டை ஆகாது என்கிறது.

என் கருத்து இதுதான்: மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்குங்கள். மூச்சு வாங்க ஏறி, மண்டியிட்டு, 20 சென்டிமீட்டர் தகட்டை முதல் தோட்டாவிலேயே ஒவ்வொரு முறையும் எந்தத் தூரம் வரை அடிக்க முடிகிறதோ, அதுவே உங்கள் எல்லை. அதற்கு அப்பால் நிற்கும் மானை விட்டுவிடுங்கள், அல்லது நடந்து நெருங்குங்கள். "சுடாதே" என்று சொல்ல உதவும் கருவியே காசுக்குத் தகுந்த கருவி.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.